ஜனவரியில் வாயடைத்த நத்தை: கொழும்பு வீட்டில் பூச்சியும் நத்தையும் வளர்ப்போருக்கு

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் நான்காம் மாடி வீடு. பத்து வயது மகளிடம் ஒரு பெரிய நத்தை, ஐந்து குச்சிப்பூச்சி, ஒரு கும்பிடுபூச்சி. பெட்டிகள் ஏசி போட்ட படுக்கையறையில் இருக்கின்றன. ஜனவரி பிறந்ததும் நத்தை ஓட்டின் வாயை வெள்ளைத் தோலால் அடைத்துக்கொண்டது. இரண்டு கிழமையாக அசைவில்லை. குச்சிப்பூச்சி ஒன்று தோல் கழற்றும்போது காலை இழந்துவிட்டது. லண்டனில் இருக்கும் பெரியம்மா, "அது பனிக்காலத் தூக்கம், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு மார்ச்சில் எடு" என்கிறார். வைக்கலாமா? விடுமுறைக்கு நுவரெலியா போகும்போது இவற்றையும் கொண்டுபோகலாமா?

ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். பெரியம்மா சொல்வது அவருடைய தோட்டத்து நத்தைக்குச் சரி. உங்கள் நத்தைக்கு அது ஆபத்து. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே தூக்கம்போலத் தெரியும்; காரணம் வேறு. ஐரோப்பியத் தோட்ட நத்தை குளிருக்காக மூடிக்கொள்கிறது. உங்கள் நத்தை வறட்சிக்காக மூடிக்கொண்டிருக்கிறது. கொழும்பில் ஜனவரி, பெப்ரவரிதான் மழை குறைந்த மாதங்கள். அதற்குமேல் ஏசி அறைக் காற்று. வெளியே ஈரப்பதம் 70 வீதத்துக்கு மேல் நிற்கும் நாளிலும், ஏசி இரவெல்லாம் ஓடும் அறையில் அது 50 வீதம்வரை இறங்கிவிடும். ஈரத்தோலால் வாழும் உயிருக்கு அந்த அறை பாலைவனம்.

குளிர்நாட்டுப் பூச்சியும் நத்தையும் பனிக்காலத்துக்கு முன்னாயத்தம் செய்கின்றன. லண்டனில் ஜூனில் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பகல் சுருங்குவதைக் கண்டே அவை உண்பதை நிறுத்தி, குடலைக் காலியாக்கி, உடம்பிலுள்ள நீரைக் குறைத்துக்கொள்ளும். பல பூச்சிகளின் இரத்தத்தில் கிளிசரால் போன்ற பொருள்கள் சேர்ந்து, உறைவதிலிருந்து அவற்றைக் காக்கும். கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணி நேரம் மட்டுமே. இங்கே வாழும் உயிருக்கு அந்தச் சைகை கிடைப்பதில்லை, அந்த ஆயத்தமும் நடப்பதில்லை. ஆயத்தமில்லாத உடம்பை, குடலில் சாப்பாடு இருக்கும்போதே, நாலைந்து பாகை செல்சியஸில் வைத்தால் செரிமானம் நின்றுவிடும். உள்ளேயே அழுகல் தொடங்கும். போதாததற்கு ஃபிரிட்ஜ் காற்று ஏசி காற்றைவிட உலர்ந்தது. வறட்சிக்குப் பயந்து கதவடைத்த உயிரை இன்னும் வறண்ட இடத்தில் வைப்பதாக முடியும்.

இனி நத்தையை எழுப்பும் வேலை. அதற்கு முன் அது எந்த நத்தை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடு கூம்புபோல நீண்டு, கபில நிறத்தில் மங்கலான கோடுகள் ஓடினால் அது ஆபிரிக்க இராட்சத நத்தை, லிசாகாடினா ஃபுலிகா. 1900ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பத்தே ஆண்டுகளில் தோட்டங்களுக்குத் தொல்லையாகப் பெருகியது. கொழும்பு வேலியோரங்களில் மழை இரவில் காண்பது பெரும்பாலும் இதைத்தான். ஓடு அகன்று, பளபளப்பாக, வாயோரம் இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ தடித்து இருந்தால் அது அகாவஸ் இனம். உலகத்தில் இலங்கையில் மட்டுமே வாழும் மரநத்தை. மெதுவாக வளர்வது, சில பெரிய முட்டைகளை மட்டுமே இடுவது. அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. எடுத்த மரத்தடிக்கே, மழை பெய்த மாலை ஒன்றில், கொண்டுபோய் விட்டுவிடுங்கள். ஆபிரிக்க நத்தைக்கு நேர்மாறான விதி: ஒருமுறை வீட்டுக்கு வந்தால் மறுபடி வெளியே விடக் கூடாது.

எழுப்பும் முறை. முதலில் நத்தையை சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தோலை நகத்தால் உரிக்க வேண்டாம். அதன் பின்னால் சதை ஒட்டியிருந்தால் கிழியும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆகவே வாயகன்ற பாத்திரத்தில் ஓரிரவு திறந்துவைத்த தண்ணீரையே எடுங்கள். ஒரு தட்டில் சமையலறைக் கடதாசியை நான்காக மடித்து விரித்து, 3 மில்லிமீற்றர் ஆழம்வரை தண்ணீர் விடுங்கள். தண்ணீர் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். சுடுதண்ணீர் கலக்க வேண்டாம். ஏசி இல்லாத அறையில், ஓட்டின் வாய் ஈரக் கடதாசியைத் தொடும்படி நத்தையைக் கிடத்துங்கள். மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, காற்றுக்கு ஓரத்தில் ஒரு தீக்குச்சியைக் கொடுத்து வையுங்கள்.

பதினைந்து நிமிடத்தில் தோல் மங்கி, ஊறிய அப்பளம்போலத் தளரும். அரை மணி நேரத்தில் ஒரு ஓரம் கிளம்பி, அதன் கீழே சாம்பல் நிறக் காலின் நுனி தெரியும். அது தண்ணீரை உறிஞ்சுவதைப் பார்க்கலாம்: சதை சிறிது சிறிதாகப் பருத்து வாயை நிரப்பும், பிறகு கீழ்க்கொம்புகள் இரண்டு, கடைசியில் கண்ணுள்ள மேல்கொம்புகள். ஒரு மணி நேரத்தில் வராவிட்டால் தண்ணீரை மாற்றி இரவுவரை விடுங்கள். இருட்டினால்தான் வெளியே வரும் பழக்கம் அதற்கு. முதல் இரவில் ஒரு துண்டு வெள்ளரிக்காய் போதும். வெறும் வயிறோடு இரண்டு கிழமை கிடந்தது. கிழங்கு, பருப்பெல்லாம் இரண்டாம் நாளுக்குப் பிறகு.

தோல் ஓட்டின் வாயில் இல்லாமல் உள்ளே ஒரு விரல் தூரம் தள்ளி இருந்தாலோ, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று தோல்கள் இருந்தாலோ, நத்தை பல தடவை பின்வாங்கிப் பின்வாங்கி அடைத்திருக்கிறது என்று பொருள். உடம்பு அவ்வளவு வற்றியிருக்கிறது. அதை எழுப்ப இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஈரம் வேண்டும். இறந்த நத்தையைத் தெரிந்துகொள்ள மூக்கே போதும்: கருங்குழம்பு கசியும், அழுகிய மீன் நாற்றம் ஒரு நாளில் வந்துவிடும். நாற்றம் இல்லாத நத்தையை யாரும் அவசரப்பட்டுப் புதைக்க வேண்டாம். இந்த இனம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்து எழும்பக் கூடியது. ஆனாலும் அப்படி விட்டுவைப்பது நல்லதல்ல. ஒவ்வொரு நாளும் தன் சதையைத் தின்றுதான் அது உயிர் தாங்குகிறது. கிழமைக்கொருமுறை நிறுத்து வந்தால் எடை இறங்குவது தெரியும்.

நத்தையைத் தொட்ட கையை, பிள்ளையானாலும் பெரியவரானாலும், சவர்க்காரம் போட்டுக் கழுவியே ஆக வேண்டும். இந்த இனம் எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக் கூடியது. மனித உடம்புக்குள் போனால் அந்தப் புழு மூளையுறையில் அழற்சியை உண்டாக்கும். முகத்துக்கு அருகில் விட்டு விளையாடுவது, கன்னத்தில் ஏறவிட்டுப் படம் எடுப்பது வேண்டாம். நத்தைப் பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் கூடாது.

எழுப்பிய பிறகு பழைய பெட்டியில் பழையபடி வைத்தால் மூன்றாம் நாளே மறுபடி அடைத்துக்கொள்ளும். பெட்டியைத் திருத்துங்கள். ஒரு பெரிய நத்தைக்கு 20 முதல் 30 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி போதும். காற்றுத் துளைகள் இரண்டு எதிர்ப் பக்கங்களில், 3 மில்லிமீற்றர் அகலத்தில், பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு. ஜனவரி முதல் மார்ச்வரை அவற்றில் பாதியை டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஏப்ரலில் மறுபடி திறந்துவிடுங்கள். கீழே 8 முதல் 10 சென்ரிமீற்றர் தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்). நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் பொருள்; ஆனால் கடலோரத்தில் ஊறவைத்த தும்பில் உப்பு இருக்கும், உப்பு நத்தைத் தோலை எரிக்கும். தும்புக் கட்டியை ஊறவைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, மறுபடி தண்ணீர் விட்டு, குறைந்தது மூன்று தடவை அலசுங்கள். கடைசித் தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்தில் வர வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடியை இறுக்கிப் பிடியுங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது. சொட்டினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

சுண்ணச்சத்து எப்போதும் பெட்டியில் கிடக்க வேண்டும். கணவாய் ஓடு மிக நல்லது. கடற்கரையில் பொறுக்கியதானால் ஒரு நாள் முழுதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, இடையில் மூன்று முறை தண்ணீரை மாற்றி, வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். முட்டைக்கோதும் ஆகும்: பத்து நிமிடம் அவித்து, உலர்த்தி, தூளாக இடித்துத் தூவுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் கொடுக்கவே வேண்டாம். "அதுவும் சுண்ணாம்புதானே" என்று போட்டுவிடுகிறார்கள். நீற்றிய சுண்ணாம்பு காரமானது, நத்தையின் காலை வேகவைத்துவிடும்.

சாப்பாட்டில் வெள்ளரி, பூசணி, வற்றாளங்கிழங்கு, வல்லாரை எல்லாம் ஆகும். கீரையில் ஒரு கவனம். சந்தைக் கீரையில் மருந்து இருக்கும் என்று நம் வீடுகளில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது வழக்கம். அதே கீரையில் ஒரு பிடியை நத்தைக்கும் போடுவார்கள். நத்தைக்கு உரியதைத் தனியே எடுத்து, உப்பில்லாத தண்ணீரில் நாலைந்து தடவை அலசுங்கள்.

தும்புத்தூளுக்குள் மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில், மிளகளவு முட்டைகள் குவியலாகக் கிடந்தால் திகைக்க வேண்டாம். இந்த நத்தைகள் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமானவை. முன்பு எப்போதோ இணைந்திருந்தால் இப்போது தனியாக இருக்கும்போதும் முட்டையிடும். ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல். அவ்வளவையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி, இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து, பிறகு வீசுங்கள். குப்பையில் அப்படியே போட்டால் அயலவர் தோட்டத்தில் பொரிக்கும்.

குச்சிப்பூச்சிக்கு வருவோம். கால் போனதற்கும் நத்தை அடைத்ததற்கும் காரணம் ஒன்றே. குச்சிப்பூச்சி தலைகீழாகத் தொங்கி, பழைய தோலைப் பிளந்து, கால்களை ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவுவதுபோல உருவி எடுக்கிறது. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையில் ஈரம் இருந்தால் அது வழுக்கிக்கொண்டு வரும். காற்று உலர்ந்திருந்தால் பாதியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கால் முறியும், அல்லது பூச்சியே காலைக் கழற்றிவிடும். சிறு பூச்சியானால் பயமில்லை. அடுத்தடுத்த தோலுரிப்புகளில் சின்னக் கால் ஒன்று முளைக்கும். சிறகு வந்த, அல்லது முழு அளவை எட்டிய பூச்சிக்கு இனி தோலுரிப்பு இல்லை, கால் வராது. ஐந்து காலோடும் நன்றாகவே வாழும்.

பாதியில் சிக்கிய பூச்சியைக் கண்டால் இழுக்க வேண்டாம். பெட்டியை ஈரத் துவாயால் மூடி, அறைச் சூட்டுத் தண்ணீரில் தோய்த்த மெல்லிய தூரிகையால் பழைய தோலை மட்டும் நனையுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள். புதிதாக வெளிவந்த கால் வெந்த நூடில்ஸ்போல மெத்தென்று இருக்கும். விரல் பட்டாலே வளைந்துவிடும், வளைந்தபடியே இறுகிவிடும். இன்னொரு காரணத்தையும் சரிபாருங்கள்: பெட்டியின் உயரம். உள்ளே பூச்சியின் நீளத்தைப்போல மூன்று மடங்கு உயரம் வேண்டும். 10 சென்ரிமீற்றர் பூச்சிக்கு 30 சென்ரிமீற்றர். தொங்கி இறங்க இடமில்லாமல் தரையில் முட்டினால், ஈரம் எவ்வளவு இருந்தாலும் உடம்பு கோணும். மேற்புறம் வழுக்கும் பிளாஸ்டிக்காக இல்லாமல் வலையாக இருக்கட்டும், பிடிக்கக் கால் வேண்டுமே.

குச்சிப்பூச்சிக்கு நத்தைபோல எந்நேரமும் ஈரமாக இருக்கவும் கூடாது. மாலையில் ஒரு தடவை பனித்துளிபோல மெல்லியதாகத் தெளியுங்கள். காலையில் இலைகள் காய்ந்திருக்க வேண்டும். குடிக்கவும் அந்தத் துளிகள்தான். கொய்யா இலை கொழும்பில் எங்கும் கிடைக்கும். பல குச்சிப்பூச்சிகளும் இலைப்பூச்சிகளும் அதை விரும்பித் தின்னும். கிளையோடு வெட்டி, குறுகிய வாய்ப் போத்தலில் தண்ணீர் விட்டுச் செருகி, போத்தல் வாயைப் பஞ்சால் அடையுங்கள். அடைக்காவிட்டால் குஞ்சுகள் உள்ளே இறங்கி மூழ்கிச் சாகும். கொழுந்து இலையைவிட முதிர்ந்த இலை நல்லது; குஞ்சுகளுக்கு இலை ஓரத்தைக் கத்தரியால் வெட்டிக் கொடுங்கள், அந்த வெட்டுவாயில் கடிக்கத் தொடங்கும். பூக்கடை ரோசா இலை வேண்டாம். மருந்தடித்தது.

உங்கள் பெரியம்மாவுக்குச் சொல்ல ஒரு செய்தி. ஐரோப்பாவில் பள்ளிக்கூடங்களிலும் ஆய்வுகூடங்களிலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வளர்க்கப்படும் "இந்தியக் குச்சிப்பூச்சி", கரௌசியஸ் மொரோசஸ், தமிழ்நாட்டின் பழனி மலையில் கொடைக்கானலுக்குப் பக்கத்திலுள்ள செண்பகனூரிலிருந்து போனது. 1901இல் அதை விவரித்து எழுதினார்கள். ஆண் இல்லாமலே பெண்கள் முட்டையிட்டுப் பெருகும் இனம். லண்டன் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பது நம் மலைப்பக்கத்துப் பூச்சியை. மலையில் பிறந்ததால் 18, 20 பாகைக் குளிரை அது தாங்கும். உங்கள் மகளிடம் உள்ளவை கொழும்புச் சமவெளிப் பூச்சிகள், அவற்றுக்குக் கொழும்பின் இயல்பான சூடே ஏற்றது.

கும்பிடுபூச்சிக்கும் தோலுரிப்பு விதி அதேதான். ஒன்று மட்டும் கூடுதல்: அது இரை தின்ன மறுத்து, தலைகீழாகத் தொங்கி, முதுகில் சிறகுமொட்டுப் புடைத்திருந்தால், பெட்டியிலிருக்கும் உயிருள்ள வெட்டுக்கிளியையும் சில்வண்டையும் உடனே எடுத்துவிடுங்கள். மெத்தென்று தொங்கும் கும்பிடுபூச்சியை இரையே கடித்துத் தின்றுவிடும். வளர்ந்தபின் அது சில மாதங்களே வாழும். நன்றாகப் பார்த்தும் கால் நுனிகள் கருத்து, பிடி தளர்ந்து, கீழே விழுந்துகொண்டிருந்தால் அது முதுமை. மகளிடம் அப்படியே சொல்லுங்கள்; குளிரோ அவள் கவனக்குறைவோ காரணமில்லை.

ஏசியை நிறுத்தச் சொல்லவில்லை. பெட்டிகளை வேறு அறைக்கு மாற்றுங்கள். கொழும்பில் ஜனவரி இரவு 20 பாகைக்குக் கீழே போவது அரிது. வெப்பமூட்டும் பாயோ, மின்குமிழோ தேவையே இல்லை. மின்குமிழ் போட்டால் இருக்கும் ஈரமும் போய்விடும். பத்து மணிக்கு மேல் வெயில் விழாத, காற்று வரும் இடம் போதும். மேற்குப் பார்த்த பல்கனி கூடாது. மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் மாலை வெயில் அரை மணி நேரம் பட்டால் உள்ளே வெந்துவிடும்.

உண்மையில் கொழும்பில் வளர்ப்புப் பூச்சிகளைக் கொல்பவை வேறு இரண்டு.

முதலாவது எறும்பு. தோலுரித்து மெத்தென்று இருக்கும் பூச்சியை ஓரிரவில் எலும்புக்கூடாக்கிவிடும். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைப்பது பழைய வழி, நல்ல வழி. ஆனால் தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்கும் வரும். ஆகவே தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, மூன்று நாளுக்கொருமுறை ஊற்றி, கிண்ணத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். முட்டைகள் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், தேய்க்காவிட்டால் போகாது. அதற்கு நேரமில்லை என்றால், மேசைக் காலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வாஸ்லின் பூசுங்கள். தூசி படிந்ததும் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

இரண்டாவது நுளம்பு மருந்து. நுளம்புச் சுருள், மின்செருகியில் போடும் திரவம், டெங்குக்கு அடிக்கும் புகை ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்ட் வகை நஞ்சு. நுளம்புக்கும் கும்பிடுபூச்சிக்கும் அது வித்தியாசம் பார்க்காது. நஞ்சு பட்ட பூச்சி கால்களை உதறும், மல்லாந்து விழும், மறுநாள் இறக்கும். பிள்ளை தூங்கும் அறையில் இரவு நுளம்பு மருந்து ஓடுகிறதென்றால், பெட்டிகள் அங்கே இருக்கவே கூடாது என்பதற்கு ஏசியைவிடப் பெரிய காரணம் அதுதான். புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் எல்லாப் பெட்டிகளையும் யன்னல் குறைந்த உள்ளறைக்கு எடுத்துப்போய், கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, பெட்டிமேல் ஈரத்துவாய் போட்டு மூடி, புகை முற்றாகக் கலைந்து சில மணி நேரம் கழித்தே வெளியே எடுங்கள். கொய்யா மரத்தில் புகை பட்டிருந்தால் இரண்டு கிழமைக்கு வேறு மரத்தில் இலை பறியுங்கள். நுளம்பைத் தடுக்க வலை கட்டிப் படுப்பது இந்த உயிர்களுக்கும் நல்லது.

ஒக்டோபர், நவம்பர் மழையில் பிரச்சினை தலைகீழாகும். தெளிப்பதைக் குறையுங்கள், துளைகள் எல்லாம் திறந்திருக்கட்டும். பெட்டிச் சுவரில் காலையிலும் நீர்த்துளி நின்றால் ஈரம் அதிகம். வெள்ளைப் பூஞ்சை நத்தைக்குக் கெடுதல் செய்வது குறைவு; குச்சிப்பூச்சியின் முட்டைகளை அது அழித்துவிடும். முட்டைகள் விதைபோலத் தரையில் உதிரும். அவற்றைப் பொறுக்கி, கழுவிய மணல் போட்ட சிறு பேணியில், மணலின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்து, காய்ந்த பக்கத்தில் வையுங்கள்.

விடுமுறைக்கு நுவரெலியா போகும்போது இவற்றையும் கொண்டுபோகலாமா என்பதையும் கேட்டிருந்தீர்கள். அங்கே குளிர் உண்மையானது: 1,868 மீற்றர் உயரம், ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் தரையில் உறைபனி படியும் நாள்களும் உண்டு. கொழும்புப் பூச்சிக்கு அது எந்தப் பழக்கமும் இல்லாத குளிர். நான்கு நாள் பயணமானால் வீட்டிலேயே விடுங்கள். நத்தைக்கு வற்றாளங்கிழங்குத் துண்டுகள், குச்சிப்பூச்சிக்குப் புதுக் கிளை, கும்பிடுபூச்சிக்குப் புறப்படும் நாள் காலையில் ஓர் இரையும் மாலையில் ஒரு தெளிப்பும் போதும். மாதக்கணக்கில் அங்கே தங்குவதானால் பெட்டியை ரிஜிபோம் (தெர்மாகோல்) பெட்டிக்குள் வைத்து, இரவில் 40 பாகைச் சூட்டுத் தண்ணீர் நிரப்பிய ஒரு லீற்றர் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அடியில் வைக்கக் கூடாது. சூடு தாங்காத நத்தை தும்புக்குள் கீழே போகும், கீழேதான் சூடே இருக்கும். லண்டனில் வெப்பமூட்டும் பாயைப் பெட்டியின் பக்கச் சுவரில் ஒட்டச் சொல்வதும் இதற்காகத்தான்.

லண்டனிலே பெரியம்மா செய்யும் காரியமும் கவனமாகச் செய்ய வேண்டியதே. அவருடைய தோட்ட நத்தை ஒக்டோபரில் தானாக உண்பதைக் குறைத்து, தானாக மூடிக்கொண்ட பிறகுதான் குளிரில் வைக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பதை எடுத்து வைக்கக் கூடாது. உலர்ந்த இலைச்சருகு போட்ட, துளையுள்ள பெட்டியில், உறையாத கொட்டகையில் 5 பாகை அளவில் வைப்பது ஃபிரிட்ஜைவிட நல்லது. ஃபிரிட்ஜ்தான் என்றால் கிழமைக்கொருமுறை திறந்து காற்று மாற்றி, எடை பார்க்க வேண்டும். வெப்பமாக்கிய வரவேற்பறையில் வைத்தால் தூங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் மெலிந்துபோகும். அவரிடம் குச்சிப்பூச்சியும் இருந்தால், பனிக்காலத்தில் இலை உதிராத ஐவிக் கொடி கொடுக்கலாம், சுவரோரம் காற்றுப் படாத இடத்து முட்செடி பிராம்பிளும் பச்சையாக நிற்கும். கருகிய ஓரங்களை வெட்டிவிட வேண்டும். மார்ச்சில் நத்தைப் பெட்டியை முதலில் 10 பாகை உள்ள இடத்துக்கும் இரண்டு நாள் கழித்து அறைக்கும் மாற்றி, நீங்கள் செய்வதுபோலவே ஈரக் கடதாசியில் வாயை வைத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள்.